புகழ்பெற்ற செய்திப் படத்தை எடுத்துப் போடலாமா?

இவோ ஜிமா தீவின் மலை உச்சியில் வீரர்கள் ஆறு பேர் அமெரிக்கக் கொடியை ஊன்றும் படம். பெய்ஜிங்கில் வரிசையாக வரும் டாங்கிகளுக்கு எதிரே கையில் பையோடு தனியாக நிற்கும் ஒருவரின் படம். நாபாம் குண்டு விழுந்த வியட்நாம் கிராமத்திலிருந்து அலறியபடி ஓடிவரும் சிறுமியின் படம். இப்படி ஒரு வரி சொன்னாலே போதும், படம் கண் முன்னால் வந்துவிடும்.

இத்தனை பேருக்குத் தெரிந்த படம் எல்லோருக்கும் பொதுவானதாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. கட்டுரை எழுதும்போதும், காணொளி செய்யும்போதும், வகுப்புக்கு ஸ்லைடு தயாரிக்கும்போதும் தேடலில் முதலில் வருவதை எடுத்து ஒட்டிவிடுகிறோம். யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலும் கைவசம் இருக்கிறது: "ஃபேர் யூஸ்தானே?"

அந்த ஃபேர் யூஸ், அதாவது நியாயப் பயன்பாடு, உண்மையில் எதை அனுமதிக்கிறது? விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எவ்வளவு பழையது, எவ்வளவு புகழ்பெற்றது, வரலாற்றில் எவ்வளவு முக்கியமானது என்பதெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம். நீங்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்களா, இல்லை வேறு எதையோ பேசிக்கொண்டு பக்கம் எடுப்பாக இருக்கட்டும் என்று அதை வைக்கிறீர்களா என்பதில்தான் பெரும்பாலும் விஷயம் அடங்கியிருக்கிறது.

சட்டம் சொல்வது

நியாயப் பயன்பாடு அமெரிக்கச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆவது பிரிவு. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்காக உரிமையாளரைக் கேட்காமலேயே ஒரு படைப்பைப் பயன்படுத்தினால், அது நியாயமாக இருக்கும்பட்சத்தில் உரிமை மீறல் ஆகாது. நோக்கம் இந்தப் பட்டியலில் இருந்துவிட்டாலே தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. லாபம் பார்க்காத பயன்பாடும் தோற்றிருக்கிறது, விற்பனைக்கு வந்த புத்தகமும் ஜெயித்திருக்கிறது.

நியாயமா இல்லையா என்று முடிவு செய்ய நீதிபதி நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். எதற்காக, எந்த விதத்தில் பயன்படுத்தினீர்கள்? மூலப் படைப்பு எப்படிப்பட்டது? அதிலிருந்து எவ்வளவு எடுத்தீர்கள்? உங்கள் செயலால் அதன் சந்தைக்கு என்ன ஆகும்? நான்கையும் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள். 'பத்து சதவீதம் வரை எடுக்கலாம்' என்று உலவும் கணக்குகள் சட்டத்தில் எங்குமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. நியாயப் பயன்பாடு என்பது முன்கூட்டியே கையில் கிடைக்கும் அனுமதி அல்ல. உங்கள் மேல் வழக்கு வந்த பிறகு நீங்கள் எடுத்து வைக்கும் எதிர்வாதம். அது எடுபடாமல் போனால், முறையாகப் பதிவு செய்யப்பட்ட படைப்பு ஒன்றுக்கு 750 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தால் 1,50,000 டாலர் வரை போகும். பதிவின் அடியில் 'ஃபேர் யூஸ்' என்று எழுதி வைப்பதற்கு இதில் எந்த மதிப்பும் கிடையாது. 'படம்: இணையம்' என்று போடுவதற்கும்தான்.

முதலில், உரிமையாளர் இருக்கிறாரா?

நியாயப் பயன்பாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. படத்துக்குப் பதிப்புரிமையே இல்லையென்றால் மேலே சொன்ன நான்கு விஷயங்களும் தேவையே இல்லை. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்.

அமெரிக்க மத்திய அரசின் ஊழியர் தன் பணியின் பகுதியாக எடுத்த படத்துக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. இதன் பலன் நாம் நினைப்பதைவிடப் பெரியது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தின் அடையாளமாகிப்போன 'புலம்பெயர் தாய்' படத்தை 1936இல் டோரதியா லாங்கே எடுத்தது அரசுத் துறை ஒன்றின் பணியாளராக. எனவே அது எல்லோருக்கும் பொது. 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த 'பூமி உதயம்' படமும், நிலவில் ஆல்ட்ரினை ஆர்ம்ஸ்ட்ராங் எடுத்த படமும் அப்படித்தான். கென்னடி கொல்லப்பட்ட நாளில், விமானத்துக்குள் லிண்டன் ஜான்சன் பதவியேற்ற காட்சியை வெள்ளை மாளிகையின் புகைப்படக்காரர் செசில் ஸ்டௌட்டன் எடுத்தார். அதற்கும் தடையில்லை.

ஒரே சம்பவத்துக்கு உரிமையுள்ள படம் ஒன்றும் உரிமையற்ற படம் ஒன்றும் இருப்பதும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த செய்தி வந்த நாளில், நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் கடற்படை வீரர் ஒருவர் வெள்ளுடைப் பெண்ணை முத்தமிடும் படத்தை ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட் எடுத்தார். 'லைஃப்' இதழில் வந்தது. அதே முத்தத்தைச் சற்றே வேறு கோணத்திலிருந்து விக்டர் ஜோர்கன்சன் என்பவரும் எடுத்தார். அவர் கடற்படைப் புகைப்படக்காரர், ஆகவே அவருடைய படம் பொதுவுடைமை, அதாவது யாருடைய உரிமையிலும் இல்லாதது. அதே போரில் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியபோதும் இதே கதை. ராபர்ட் காப்பாவின் கலங்கலான படங்களைத்தான் உலகம் கொண்டாடுகிறது. ஆனால் படகின் கதவு திறந்து வீரர்கள் தண்ணீரில் இறங்கி நடக்கும் அந்த இன்னொரு படத்தை எடுத்தவர் கடலோரக் காவல் படையைச் சேர்ந்த ராபர்ட் சார்ஜென்ட். அதை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். சம்பவத்தைக் காட்டுவதுதான் உங்கள் தேவை என்றால் இப்படி ஒரு மாற்றுப் படத்தைத் தேடிக்கொள்வது வழக்கறிஞரைத் தேடுவதைவிட எளிது.

இரண்டாவது வழி, வயது. அமெரிக்காவில் 1978க்கு முன் வெளியான படைப்புகளுக்கு அதிகபட்சம் 95 ஆண்டு உரிமை. வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் ஓர் ஆண்டின் படைப்புகள் மொத்தமாகப் பொதுவுக்கு வந்து சேரும். இடையில் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது: 1963 வரை வெளியானவற்றுக்கு 28ஆவது ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். யாரும் புதுப்பிக்காமல் விட்டவை அன்றே உரிமையை இழந்துவிட்டன. அப்படி விடப்பட்டவைதான் அதிகம். ஆனால் படம் பிற நாட்டில் முதலில் வெளியானதாக இருந்தால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். 1990களின் நடுவில் வந்த சட்டம் ஒன்று அத்தகைய படைப்புகள் பலவற்றுக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமை பற்றி ஒரு வரி இருக்கும். வெளியிடத் தடை எதுவும் தெரியவில்லை என்று அங்கே இருந்தால் ஓரளவு நிம்மதி. மாறாக, புகைப்படங்களை விற்கும் படநிறுவனம் ஒன்று விலை போட்டு விற்கிறது என்பதாலேயே அந்தப் படத்துக்கு உரிமை இருக்கிறது என்று அர்த்தமாகாது. பொதுவுடைமைப் படங்களையும் விற்கிறார்கள். விற்பது குற்றமும் இல்லை. கரோல் ஹைஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் தன் படங்களைக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்து, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று விட்டிருந்தார். கடைசியில் அவர் எடுத்த படத்தை அவர் தளத்தில் போட்டதற்கே 120 டாலர் கேட்டு ஒரு படநிறுவனத்தின் சார்பில் அவருக்கே கடிதம் வந்தது! 2016இல் நீதிமன்றம் போனார். பதிப்புரிமையை விட்டுக்கொடுத்தவர் பதிப்புரிமையைக் காட்டி வழக்காட முடியாது என்று ஆகிவிட்டது.

படத்தைப் பற்றியா, படத்தை வைத்தா?

சரி, உரிமையாளர் இருக்கிறார், படமும் அதே படம்தான் வேண்டும். இப்போதுதான் நியாயப் பயன்பாடு வருகிறது.

நாபாம் சிறுமியின் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1972 ஜூன் 8, ட்ராங் பாங். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிக் உட் எடுத்ததாக அரை நூற்றாண்டு காலமாக அறியப்பட்டது. புலிட்சர் பரிசும் பெற்றது. எடுத்தவர் உண்மையில் அவர்தானா என்று பின்னாளில் சர்ச்சை கிளம்பி, 2025இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அந்தப் படத்துக்கான பெயர்க் குறிப்பையே நிறுத்தி வைத்தது. அசோசியேட்டட் பிரஸ் தன் பெயர்க் குறிப்பை மாற்றவில்லை.

இந்தச் சர்ச்சையைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். எந்தக் கோணம், யார் எங்கே நின்றிருக்க முடியும், எந்த கேமரா என்று அலசுகிறார். படத்தைக் காட்டாமல் அந்தக் கட்டுரையை எழுதவே முடியாது. இன்னொருவர் வியட்நாம் போரின் காரணங்களைப் பற்றிப் பொதுவாக எழுதி, உச்சியில் இதே படத்தைப் பெரிதாக வைக்கிறார். உள்ளே படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலாமவரின் வாதம் வலுவானது. இரண்டாமவர், செய்தி நிறுவனம் காசுக்குக் கொடுக்கும் அதே சேவையைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார். படம் ஒன்று, அளவும் ஒன்று, முடிவு மட்டும் வேறு.

நீதிமன்றங்கள் இதை உருமாற்றம் என்ற கோணத்தில் பார்க்கின்றன. மூலப் படத்துக்கு இல்லாத புதிய நோக்கம் ஒன்று உங்கள் பயன்பாட்டில் இருக்கிறதா என்பது சோதனை. போர்ட்டோ ரிக்கோவில் அழகிப் பட்டம் வென்ற பெண்ணின் மாடலிங் படங்கள் வெளியே கசிந்து, பட்டத்துக்கு அவர் தகுதியானவரா என்று ஊரே விவாதித்தது. ஒரு செய்தித்தாள் அந்தப் படங்களை அனுமதியில்லாமல் வெளியிட்டது. புகைப்படக்காரர் வழக்குப் போட்டார். 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செய்தித்தாள் பக்கம் நின்றது. ஏனென்றால் படங்கள்தான் அங்கே செய்தி.

இதன் மறுபக்கத்தை 2015இல் நியூயார்க்கில் பார்க்கலாம். 2001 செப்டம்பர் 11 அன்று, இடிந்து விழுந்த கோபுரங்களின் இடிபாடுகளில் தீயணைப்பு வீரர்கள் மூவர் கொடியேற்றும் படத்தை நியூஜெர்சி நாளிதழின் தாமஸ் ஃபிராங்க்ளின் எடுத்தார். ஃபாக்ஸ் நியூஸ் நிகழ்ச்சி ஒன்றின் ஃபேஸ்புக் பக்கத்தில், 2013 நினைவு நாளன்று அந்தப் படத்தையும் இவோ ஜிமா படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'என்றும் மறவோம்' என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேக் சேர்த்துப் போட்டார்கள். இரண்டு படங்களை ஒப்பிட்டிருக்கிறோம், கருத்துச் சொல்லியிருக்கிறோம், நியாயப் பயன்பாடு என்றது நிறுவனம். விசாரணையே வேண்டாம், வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்றும் கேட்டது. நீதிபதி மறுத்துவிட்டார். படம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, சேர்த்திருப்பது ஹேஷ்டேக் அளவுக்குத்தான் என்பது அவர் பார்வை. வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. நாம் அன்றாடம் செய்வதற்கு மிக நெருக்கமான வழக்கு இதுதான் என்பது என் எண்ணம். நினைவு நாள், உணர்ச்சியான ஒரு வரி, யாரோ எடுத்த படம்.

2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடிவாளத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த படத்தை வைத்து ஓவியர் ஆண்டி வார்ஹோல் வண்ணச் சித்திரங்கள் செய்திருந்தார். பிரின்ஸ் இறந்தபோது அவற்றில் ஒன்றை ஒரு பத்திரிகை அட்டையில் வெளியிட வார்ஹோல் அறக்கட்டளை 10,000 டாலருக்கு உரிமம் கொடுத்தது. தோற்றம் மாறியிருந்தாலும், பிரின்ஸைப் பற்றிய பத்திரிகைக்குப் பிரின்ஸின் படம் என்ற நோக்கம் மாறவில்லை என்று கருதிய நீதிமன்றம், நோக்கம் பற்றிய முதல் அம்சத்தில் புகைப்படக் கலைஞர் பக்கம் நின்றது. ஒரு ஃபில்டர் போட்டு வண்ணத்தை மாற்றினால் புதுப் படைப்பாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சந்தை என்ற கேள்வி

கதைகளைவிட நடந்த உண்மைகளைச் சொல்லும் படைப்புகளில் நியாயப் பயன்பாட்டுக்கு இடம் கொஞ்சம் அதிகம். செய்திப் படம் அந்த வகையில் உங்களுக்குச் சற்றுச் சாதகம், அவ்வளவுதான். எவ்வளவு எடுத்தீர்கள் என்பதிலும் பெரிய சண்டை வருவதில்லை. புகைப்படத்தில் பாதியை மேற்கோள் காட்ட முடியாது என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். சின்ன அளவில், தேவையான தெளிவோடு மட்டும் வைத்தால் நல்லது. ஆனால் நான்காவது அம்சமான சந்தை செய்திப் படங்களில் பலமாக அடிக்கும். செய்தி நிறுவனங்களின் பிழைப்பே உரிமம் விற்பதில்தான் இருக்கிறது.

1992இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின்போது லாரி ஓட்டுநர் ஒருவரைக் கும்பல் இழுத்துப்போட்டு அடித்ததை ஹெலிகாப்டரிலிருந்து ஒரு சிறு செய்தி நிறுவனம் படம்பிடித்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று உரிமம் கேட்டு, கிடைக்காமல், ஆனாலும் ஒளிபரப்பியது. செய்தி மதிப்பு மிகப் பெரியதுதான். ஆனால் படம் எடுத்தவர் விற்கும் அதே சரக்கை, அதே சந்தையில், போட்டியாளர் இலவசமாக எடுத்திருக்கிறார். 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நியாயப் பயன்பாட்டு வாதத்தை ரத்து செய்தது. அதே காட்சியின் சில நொடிகளை மட்டும் நீதிமன்றச் செய்திகளுக்கான வேறொரு அலைவரிசை தன் முன்னோட்டத் தொகுப்பில் சேர்த்தது. அது நியாயம் என்று 2002இல் தீர்ப்பானது.

இதற்கெல்லாம் முன்னோடி கென்னடி கொலை வழக்குப் படச்சுருள். ஏப்ரஹாம் ஸப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் தன் சின்ன கேமராவில் எடுத்த சுமார் 26 நொடிகள். 'லைஃப்' இதழ் 1,50,000 டாலர் கொடுத்து வாங்கியது. ஜோசியா தாம்ப்சன் என்ற ஆய்வாளர், எத்தனை பேர் சுட்டார்கள் என்று அலசும் தன் புத்தகத்துக்கு அந்தச் சுருளின் சட்டகங்களை, அதாவது தனித்தனி ஃபிரேம்களை, கேட்டார். புத்தகத்தின் லாபம் முழுவதையும் தருகிறோம் என்று பதிப்பாளர் சொல்லியும் 'லைஃப்' சம்மதிக்கவில்லை. சட்டகங்களைப் பார்த்துக் கரிக்கோட்டில் வரைந்து புத்தகத்தில் சேர்த்துவிட்டார்கள். வழக்கு வந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பே, 1968இல், நீதிமன்றம் நியாயப் பயன்பாடு என்றது. கொலை பற்றிய முழுத் தகவலையும் அறிவதில் மக்களுக்கு அக்கறை இருக்கிறது, இந்தப் புத்தகத்தால் 'லைஃப்' விற்பனைக்குக் குறைவும் வரப்போவதில்லை என்பது காரணம். அந்தச் சட்டகங்கள் இல்லாமல் தாம்ப்சனின் வாதமே நிற்காது என்பதைக் கவனியுங்கள். அப்படி ஒரு தேவை நம்முடைய பதிவுகளில் எத்தனைக்கு உண்டு?

வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள்

'பெயர் போட்டேனே' என்பார்கள். போட வேண்டியதுதான், மரியாதை. ஆனால் பெயர் போடுவது அனுமதி வாங்கியதாகாது. 'டிவிட்டரில் அவரே போட்டதுதானே' என்பது அடுத்தது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மோரெல் எடுத்து அங்கே பகிர்ந்த படங்களை ஏ.எஃப்.பி. என்ற செய்தி நிறுவனம் அனுமதியின்றி எடுத்தது, கெட்டி என்ற படநிறுவனம் வழியாக உலகெங்கும் போனது. 2013இல் ஜூரி சுமார் 12 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. செய்தி நிறுவனங்களுக்கே இந்தக் கதி.

'இத்தனை காலம் யாரும் கேட்கவில்லையே' என்பது இன்னொன்று. சே குவேராவின் புகழ்பெற்ற முகத்தை 1960இல் எடுத்த ஆல்பெர்ட்டோ கோர்டா, அது சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் பரவியபோது பல பத்தாண்டுகள் சும்மா இருந்தார். 2000இல் ஒரு வோட்கா விளம்பரத்தில் அதைப் பார்த்ததும் வழக்குப் போட்டார், சமரசமாக 50,000 டாலர் வாங்கி, கியூபாவின் மருத்துவச் சேவைக்குக் கொடுத்தார். உரிமையாளர் பேசாமல் இருப்பதால் உரிமை போய்விடாது. யார் மேல் எப்போது பாய்வது என்பதை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

நடைமுறையில் எங்கே கோடு போடுவது என்று தெரியாவிட்டால் ஆங்கில விக்கிப்பீடியாவின் விதியைப் பார்க்கலாம். சட்டத்தைவிடக் கறாரானது, அதனால் பாதுகாப்பானது. செய்தி நிறுவனத்தின் படத்தை ஒரு கட்டுரையில் சேர்க்க வேண்டுமென்றால், அந்தப் படத்தைப் பற்றியே சான்றுகளோடு கட்டுரை பேச வேண்டும். இலவச மாற்றுப் படம் இருக்கக் கூடாது. குறைந்த தெளிவில்தான் ஏற்ற வேண்டும். உங்கள் வரைவில் படத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பத்தி புரியாமல் போனால் படத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. எதுவும் குறையவில்லை என்றால் உரிமம் வாங்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அட்டைப்படம், விளம்பரம், காணொளியின் முகப்புப் படம் இவற்றுக்கு நியாயப் பயன்பாட்டை நம்பாதிருப்பதே உத்தமம். கண்ணை இழுப்பதற்காகத்தான் வைக்கிறோம் என்பது பார்த்தாலே தெரியும்.

கடைசியாக, இவ்வளவும் அமெரிக்கச் சட்டம். எல்லை தாண்டினால் கதை மாறும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் இப்படித் திறந்த அளவுகோல் இல்லை. எந்தெந்த நோக்கங்களுக்கு விலக்கு என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. அதிலும் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், நடப்புச் செய்திகளைச் சொல்வதற்கான விலக்கைக் கொடுத்துவிட்டு, புகைப்படங்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. நியூயார்க்கில் தைரியமாக வாதாடக்கூடிய ஒரு பயன்பாட்டுக்கு லண்டனில் அந்த வழி கிடையாது. அங்கே படத்தை விமர்சித்து எழுதினால் பேச்சுக்கு இடமுண்டு, எடுத்தவர் பெயரையும் சேர்த்தே போட வேண்டும்.